மழையில் காயப்போட்ட பாசி

முதல் துளி என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது துளி விழுவதற்குள் நான் ஓட ஆரம்பித்திருந்தேன்.

அயர்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் ஒரு சின்னத் தீவு. நாங்கள் தங்கியிருந்த வீட்டின் பின்னால், கற்களை அடுக்கிக் கட்டிய வேலிக்குள் ஒரு துண்டுப் புல்தரை. அதில் வீட்டுக்காரம்மா நோரா கடற்பாசியைப் பரப்பிப் போட்டிருந்தார். ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, நடுவில் வெளிறிய ரோஜா நிறம், வேலி ஓரமாகக் கிட்டத்தட்ட வெள்ளை. நோரா சைக்கிளில் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்.

“யப்பா, சாக்கு எங்கயாச்சும் கிடக்கா பாரு. வெரசா.”

அப்பா நகரவில்லை. குனிந்து ஒரு கொத்துப் பாசியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“ஆத்தா, இரு. தொடாத.”

“மழை வருதுப்பா.”

“நேத்து மட்டும் அஞ்சு தடவ பெஞ்சுச்சு. அந்தம்மா ஒரு தடவயாச்சும் வந்து அள்ளுச்சா? சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு. அவங்க வரட்டும். கேட்டுட்டுத் தொடுவோம்.”

“வர்றதுக்குள்ள எல்லாம் நாசமாப் போயிரும். இப்பவே நிறம் போயிருச்சு, பாரு. நான் படிச்சதே இதத்தான்.”

உண்மைதான். உணவுப் பொருளை உலர்த்துவதும் கெடாமல் காப்பதும்தான் என் படிப்பு. அதற்கு முந்தைய வாரம்தான் அயர்லாந்தில் பட்டம் வாங்கியிருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் அந்தப் பட்டமளிப்பு விழாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாசகி, “உங்கள் அப்பா அங்கே சந்தோஷமாக இருந்தாரா?” என்று கேட்டிருந்தார். நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தத் தீவைப் பற்றி எழுதுகிறேன்.

இதுவா கோடை?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரி, விமானம், வெளிநாடு எல்லாவற்றுக்கும் முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மா ஆடுகளை விட்டு வர மறுத்துவிட்டதால் விழாவுக்கு அப்பா மட்டும் வந்தார்.

வந்தவரை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றியது. கூடப் படித்தவர்கள் அந்தத் தீவைச் சொன்னார்கள். கோடையில் போனால் அழகு, மூன்று நாள் இருந்து வாருங்கள் என்றார்கள்.

படகில் ஏறியதிலிருந்தே அப்பா குழப்பத்தில் இருந்தார். போடிப் பக்கம் எங்கள் ஊர் சிலமலையில் கோடை என்றால் தார் உருகும். இங்கே குரங்குக் குல்லாயும், ஸ்வெட்டரும், அதன் மேல் நான் வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டும். “இதுவா கோடை?” என்று இரண்டு முறை கேட்டார். கடலைக் காட்டி, “அந்தப் பக்கம் என்ன ஊரு?” என்றார். அமெரிக்கா என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒண்ணுந் தெரியலயே.”

தீவில் மரம் இல்லை. ஆள் நடமாட்டமும் இல்லை. வண்டி ஓட்டி வருகிறவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார்கள். அப்பா முதலில் திட்டுகிறார்கள் என்று நினைத்தார். வணக்கம்தான் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடித்தது. “இன்னும் பொழுது அடையல, அதுக்குள்ள எப்படிப் படுக்க?” என்று கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்.

வயல்களைச் சுற்றிக் கல் வேலி இருந்தது. வேலிக்குக் கதவு இல்லை. மாட்டை உள்ளே விட வேண்டுமானால் ஒரு இடத்தில் கற்களை இறக்கி வழி செய்கிறார்கள். மாடு போனதும் மறுபடி அடுக்கிவிடுகிறார்கள். அந்த ஒன்று மட்டும் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது.

எனக்கு நோராதான் புரியவில்லை. அறுபது வயதிருக்கும். தனியாக இருந்தார். எது சொன்னாலும் அவரிடமிருந்து வந்த பதில் ஒன்றுதான். தண்ணீர் சூடாகவில்லை என்றாலும், கோப்பை உடைந்துவிட்டது என்றாலும், “பரவாயில்லை, பரவாயில்லை.” அவருக்குக் கோபம் வந்திருக்கிறதா, இல்லையா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

யார் களமானாலும்

பாசியை நான் அள்ள ஓடியதற்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை. எங்கள் ஊரில் களத்தில் காயும் பொருளுக்கு மழை வந்தால், யார் களம் என்று பார்க்க மாட்டோம். முதலில் பார்க்கிறவர் அள்ள வேண்டும். கேட்டுவிட்டு அள்ளுகிறவர் யாரும் கிடையாது.

எங்களுக்கும் பின்வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு முறை அவர்கள் போடியில் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மழை வந்துவிட்டது. அம்மா போய் அவர்களுடைய மக்காச்சோளம் முழுவதையும் குவித்து, எங்கள் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக, “மூதேவிக பூட்டிக்கிட்டுப் போயிருச்சுக” என்று திட்டினாள். மறுநாள் தார்ப்பாய் மடித்தபடி எங்கள் வாசலில் கிடந்தது. அதன் பிறகும் பேச்சு இல்லை. அடுத்த மாதம் மழை வந்தபோது எங்கள் கடலையை அவர்கள் அள்ளி மூடினார்கள்.

பள்ளியில் படிக்கும்போது நானும் எத்தனையோ களங்களில் அள்ளியிருக்கிறேன். கால் தானாக ஓடும். கடல் தாண்டியும் ஓடியது.

கைக்குள் சத்தம்

அப்பாவுக்கும் அதே பழக்கம் உண்டுதான். ஆனால் அவருடைய சோலி உலர்த்துவது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

போடிமெட்டு ஏறிக் கேரளப் பக்கம் இறங்கினால், பூப்பாறைக்குப் போகிற வழியில் ஓர் ஏலக்காய்த் தோட்டம். அங்கே ஸ்டோரில் அப்பா இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். விறகு எரிந்து குழாய் சூடாகும். அந்தச் சூட்டில் பச்சைக் காய் தட்டுகளில் காயும். சூடு கூடினால் காய் வெடிக்கும். குறைந்தால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடியில் ஏலம் விடும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்பா ஒரு பிடி காயை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை ஆடும் சத்தத்தை வைத்து இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்வார். “மதி” என்று அவர் சொன்னால் விறகை இழுத்துவிடுவார்கள். மலையாளத்தில் அதற்குப் போதும் என்று பொருள். மலையில் பிடித்த அந்தச் சொல் வீட்டுச் சோற்றுத் தட்டு வரை வந்துவிட்டது.

அப்பா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பேச்சு ஒன்றே ஒன்றுதான். “என் கையில ஒரு மூட்டை நிறம் விட்டதில்ல.”

அந்த மனிதர்தான் தொடாதே என்றார். நான் தொட்டேன்.

என் மொழிபெயர்ப்பு

கொட்டகையில் மீன் பெட்டிகள் கிடந்தன. கருஞ்சிவப்பு, ரோஜா, வெள்ளை எல்லாவற்றையும் கை நிறைய வாரி அவற்றில் போட்டு அமுக்கினேன். அப்பா வேலியோரம் நனைந்துகொண்டு நின்றார். கடைசிக் கொத்தை உள்ளே கொண்டுபோய்ப் போட்டபோது மழை நின்று வெயில் வந்துவிட்டது. எனக்கு நன்றாக மூச்சு வாங்கியது. நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது.

நோரா வந்தார். வெறும் புல்லைப் பார்த்தார். கொட்டகைக்குள் போய்ப் பெட்டிகளைப் பார்த்தார். முதல் முறையாக அவர் வாயிலிருந்து “பரவாயில்லை” வரவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தப் பாசி கருஞ்சிவப்பாகத்தான் கடலிலிருந்து வரும். வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடந்தால்தான் உப்பு போகும், வெளுக்கும். மழை வராவிட்டால் அவரே தண்ணீர் தெளிப்பாராம். நன்றாக வெளுத்த பிறகுதான் எடுத்து வைப்பார். பாலில் போட்டுக் காய்ச்சினால் குளிர்கால இருமலுக்கு நல்லது. தீவில் பாதிப் பேருக்கு அவர்தான் கொடுக்கிறார். மூன்று தடவையாகப் பறித்துத் தனித்தனியாகப் பரப்பியிருந்ததை நான் ஒன்றாகக் கலந்துவிட்டேன்.

“யார் எடுத்தது?” என்று கேட்டார்.

“என் அப்பா” என்றேன். “எங்கள் ஊரில் மழை வந்தால் அப்படித்தான் செய்வார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.”

இதை எழுதும்போதும் அந்த ஆங்கில வாக்கியங்கள் அப்படியே காதில் கேட்கின்றன. பிழையில்லாத வாக்கியங்கள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அது எப்படி அவ்வளவு தயாராக வாயில் இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

நோராவின் முகம் இளகியது. “பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? பரவாயில்லை.”

“என்ன சொல்லுது?” என்றார் அப்பா.

“பரவாயில்லையாம்.”

நோரா அப்பாவின் கையைப் பிடித்துப் புல்தரைக்கு அழைத்துப் போனார். ஒரு கருஞ்சிவப்புப் பாசியைக் காட்டினார். விரல்களை ஆட்டி மழை பெய்வதைக் காட்டினார். சூரியனைக் காட்டினார். மறுபடி மழை, மறுபடி சூரியன். பிறகு ஒரு வெள்ளைப் பாசியைக் கையில் கொடுத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சத்தமாகவும் நிதானமாகவும் சொன்னார்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே என்னிடம் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம். “நான் சொன்னேன்லத்தா. நம்ம காய்க்குப் பச்ச போகக் கூடாது. இதுக்கு நிறம் போகணும். வெளுக்கத்தான் போட்டிருக்கு. பாத்ததுமே எனக்குத் தோணுச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு.”

நான் நோராவிடம், “அப்பா மன்னிப்புக் கேட்கிறார்” என்றேன்.

நோரா அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். தன் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து அப்பா சிரித்தார்.

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கலந்த பாசியை நிறம் பார்த்து மூன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். போடியில் பெண்கள் காய் பொறுக்குகிற வேகம். நானும் உட்கார்ந்தேன். மெலிதாய் ஒரு தூறல் வந்து போயிற்று. இந்த முறை இருவரும் எழவில்லை.

நோரா டீ கொண்டுவந்தார். “செய்த தப்புக்காக இப்படி வேலை செய்கிறார். போதும் என்று சொல்லம்மா” என்றார் என்னிடம்.

“மதிங்கிறாங்கப்பா.”

“இருக்கட்டும். அந்தம்மா நம்மள மனுசனா மதிச்சு வெவரம் சொல்லுச்சுல்ல” என்றார் அப்பா.

வேலியைத் திறந்த மனிதர்

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் படகு. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியனுப்ப நோராவும் கூட நடந்தார். பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வேலியின் கற்களை இறக்கி, பசுக்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அப்பா அதைப் பார்க்க நின்றார். நாங்களும் நின்றோம்.

நோரா அந்த மனிதரிடம் முந்தின நாள் கதையைச் சொன்னார். இங்கிலீஷில் இல்லை, தீவுக்காரர்களின் சொந்தப் பாஷையில் சொன்னார், எனக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் கை பேசியது. வானத்தைக் காட்டினார். அப்பாவைக் காட்டினார். கையை அகல விரித்து வாரி வாரி எடுப்பதுபோலவும், அவசரமாக ஓடுவதுபோலவும் செய்து காட்டினார். அதில் கேலி இல்லை, செல்லம்தான் இருந்தது. அந்த மனிதர் சிரித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நோரா மறுபடி அப்பாவைக் காட்டி வாரி எடுத்தார். அப்பாவின் சிரிப்பு நின்றது.

“அந்தம்மா என்னையக் காட்டுது.”

நான் பசுக்களைப் பார்த்தேன்.

“நான் எப்பத்தா அள்ளுனேன்?”

பசு ஒன்று இடைவெளியில் நுழைந்து உள்ளே போனது. அந்த மனிதர் கல்லைத் தூக்கி அடுக்க ஆரம்பித்தார்.

“எம்மேல போட்டியா?”

“வாய் தவறி வந்துருச்சுப்பா.”

அப்பா கத்துகிறவர் இல்லை. “இந்த ஊர்ல என்னையப் பத்தி ஒரே ஒரு விசயந்தான் தெரியும். அதுவும் நான் செய்யாதது” என்றார்.

நான் நோராவிடம் போனேன். பாசியை அள்ளியது நான், அப்பா தடுத்தார், நேற்று சொன்னது பொய், அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, உங்கள் பாசி எதற்காக மழையில் கிடக்கிறது என்று அவருக்குத் தானாகவே தெரிந்திருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நோரா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். 

“சொல்லிட்டேன்ப்பா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டேன்னு நீதான சொல்ற” என்றார் அப்பா. “எனக்கு எப்படித் தெரியும்?”

 

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். குல்லாயைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நோராவுக்கும் அந்த மனிதருக்கும் முன்னால் போய் நின்று என்னைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு மூக்கில் இல்லாத கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். நான் தள்ளுவதுபோலவே. வானத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். முழங்காலை உயர்த்தி ஓடினார், வாரினார், அமுக்கினார். அடுத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். ஒரு பாசியை விரலில் உருட்டுவதுபோல் செய்து, மழை, வெயில், மழை, வெயில் என்று நோரா முந்தின நாள் செய்ததை ஒன்று விடாமல் செய்து, கடைசியில் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

கண்ணாடியைத் தள்ளியதற்கு அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். முடிவில் சிரிக்கவில்லை. நோரா முன்னால் வந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் மொழிபெயர்க்கச் சொல்லி அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வெளுத்த பாசி. நோராவிடம் எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை. “அம்மாவுக்கு இருமலுக்கு” என்றார். மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மருந்துக்கடை

நான் ஊர் திரும்பி, போடியில் ஏலக்காய்த் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். இங்கிலீஷில் வரும் காகிதங்களை அப்பா என்னிடம்தான் கொண்டுவருகிறார். வாசித்துச் சொல்வேன். “சரித்தா” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

சில மாதத்துக்கு முன் பஸ்ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் கேட்டார், “ஏம்மா, வீட்ல நீ இல்லயா? உங்கப்பா எந்தத் தாள் வந்தாலும் இங்க கொண்டாந்து வாசிக்கச் சொல்றாரே.”

“எப்பருந்துண்ணே?”

“அது ஆச்சு, ரொம்ப நாளு.”

ரொம்ப நாள் என்றால் தீவுக்குப் பிறகா, முன்பிருந்தேவா? கேட்கத் தைரியம் வரவில்லை. தெரியாதது போலவே வீட்டில் நடந்துகொண்டேன். அவர் என்னைத் தண்டிக்கிறாரா, வெறுமனே எச்சரிக்கையாக இருக்கிறாரா என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் ஒன்று சரியாகத் தோன்றியது, மறுநாள் மற்றது.

போன வாரம் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். ஸ்டோருக்குக் கரண்டில் ஓடும் புது உலர்த்தி வருகிறதாம். எந்தக் கட்டத்தில் எவ்வளவு சூடு என்று இங்கிலீஷில் எழுதிய தாளைக் கொண்டுவந்திருந்தார். இதில் ஒரு வரி தப்பினால் காய் வெளுத்துவிடும்.

இரண்டு முறை வாசித்துத் தமிழில் சொன்னேன். ஓர் இடம் எனக்கே சந்தேகமாக இருந்தது. முன்பானால் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். “இந்த எடம் எனக்குச் சரியாப் புரியலப்பா” என்றேன்.

அப்பா தாளுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்காமல், மடித்து, நானே அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

“மருந்துக்கட அண்ணன்கிட்டயும் ஒரு தடவ வாசிச்சுக் கேட்டுட்டு வாப்பா. அவரு வேற மாதிரி சொன்னா, வந்து எனக்கும் சொல்லு.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, நிம்மதியா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெரு முனை வரை போனவர் நின்று திரும்பினார்.

“நீயும் வாயேன். ரெண்டு பேருமாக் கேப்போம்.”